கப்புக்கு வெட்டிய கட்டை

அந்தக் கப் விழவில்லை.

டயகமப் பக்கம் ஏற்றமான ஒரு தோட்ட ரோட்டில் பெருமாளண்ணனின் வேன் பின்பக்கமாக உருண்டு, தேயிலைக்குள் இறங்கி, மழைத் தண்ணீர் ஓடும் கானில் பின் சக்கரங்கள் புதைந்து நின்றது. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் தூளாகிவிட்டன. பக்கக் கதவு கழன்று தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார்கூட எங்கோ போய்விட்டார். ஆனால் ஸ்டியரிங்குக்கு இடதுபக்கம் நான் பூட்டிக்கொடுத்த கப் ஹோல்டரில் ஒரு கடதாசிக் கப் அப்படியே நின்றது. அதில் பாதி தேத்தண்ணீர், பாதி மழைத் தண்ணீர்.

என் வேலை அவ்வளவு உறுதி. அன்றைக்கு அந்த உறுதியைப் பார்த்தபோது என் கையை நானே வெட்டிப் போடலாம்போல் இருந்தது.

பெருமாளண்ணனை அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. அவர் கிடந்த இடத்தில் யாரோ இரண்டு தேயிலைக் கொப்புகளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். மழை விடாமல் பெய்ததால் ரோட்டில் வேறு அடையாளம் எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரன் எவனாக இருந்தாலும் அவன் பாஸ். மேசன் பாஸ், தச்சுப் பாஸ். வாகனங்களுக்குச் சீட் தைத்து, உள்வேலை செய்வதால் நான் குஷன் பாஸ். அந்த வேனை அடிமுதல் நுனிவரை தெரிந்தவன் நான் என்று வேன் ஸ்டாண்டில் யாரோ சொல்ல, பொலிஸார் என்னை அந்த இடத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

மழைக்கோட்டுப் போட்ட அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இந்த வண்டியில் டயருக்கு வைக்கிற கட்டை எதுவும் இருந்ததா என்று.

"தன்னெ நே, சேர்" என்றேன்.

தெரியாது ஐயா என்று அர்த்தம். எனக்குத் தெரியும். அந்தக் கட்டை எங்கள் இருவரின் கண்முன்னால்தான் இருந்தது. அதன் மேல்தான் அந்தக் கப் நின்றுகொண்டிருந்தது.

தேத்தண்ணீருக்கு இடமில்லாத வண்டிகள்

பேப்பரில் வரும் இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கிற கதைகளாகத்தான் எழுதி வந்தேன். போன வாரம், பஸ் சீட்டுக்குள்ளே பல் செட் கிடைத்த கதைக்கு நோர்வூட் கடைத்தெருவில் மூன்று பேர் என்னை மறித்து நின்று சிரித்தார்கள். இந்த வாரம் அப்படி இருக்காது. நேராக விஷயத்துக்கு வரவும் எனக்குத் தைரியம் போதவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வேன்களில் எதை வேண்டுமானாலும் வைக்க இடம் உண்டு. சிகரெட் சாம்பலுக்குத் தனிக் குழி உண்டு. தேத்தண்ணீர்க் கப் வைக்க மட்டும் இடம் கிடையாது. உலகத்துக்கே தேத்தண்ணீர் அனுப்புகிற மலையில் ஓடுகிற வண்டிகளின் நிலைமை இது.

அந்தக் காலத்து டிரைவர்களுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. கொழும்பிலிருந்து ஏறி வரும்போது கினிகத்தேனையில் வண்டியை ஓரம்கட்டுவார்கள். கடை வாசலில் நின்று பால் போடாத பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, கிளாசைப் பலகையில் வைத்துவிட்டு ஏறிப்போவார்கள். கடதாசிக் கப் வந்த பிறகுதான் தேத்தண்ணீர் வண்டிக்குள் ஏறியது. ஏறிய பிறகு அதற்கு உட்கார இடம் தேட வேண்டியதாயிற்று.

போதாததற்கு, புது வாகனம் வெளிநாட்டிலிருந்து வருவது சில வருஷம் நின்றுபோனது. என் வயதில் பாதியாவது இருக்கிற வேன்கள் எல்லாம் புது மாப்பிள்ளை வேஷம் போடத் தொடங்கின. நீல லைட், ரெக்சின் சீட், முன்னால் ஒரு டிவி, கூடவே கப் ஹோல்டர். அந்தக் காலத்தில் நான் பூட்டிய கப் ஹோல்டர்களைக் கணக்கு வைத்திருந்தால் தலை சுற்றும்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்ணீர்ப் பைப்பில் ஒரு சாணுக்குக் குறைவாக ஒரு துண்டு அறுத்து, உள்ளே ஸ்பொஞ்ச் ஒட்டி, வெளியே ரெக்சின் சுற்றி, அடியில் ஒரு தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டியதுதான். பக்கச் சுவர் நேராக இருப்பதால் பின் சீட்டுக்காரர்களுக்குப் பூட்டுவது சுலபம். டேஷ்போர்டு அப்படி இல்லை. அது சரிவு. சரிவில் பூட்டினால் கப் டிரைவரின் மடியைப் பார்த்துச் சாயும். அடியில் முக்கோணமாக ஒரு மரத்துண்டை வைத்துத்தான் அதை நிமிர்த்த வேண்டும்.

நான் பூட்டியவற்றில் கப்பைக் கண்டது குறைவு என்பது வேறு விஷயம். ஒருவர் வெற்றிலைப் பொட்டலம் வைத்தார். ஒருவர் போனை நிறுத்தினார். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் தன் அத்தர் குப்பியை வைத்து, "பாஸ், இது ஒண்டுக்குத்தான் அளவா இருக்கு" என்று என்னைப் பாராட்டினார்.

துரையின் ஜீப்

நான் முதன்முதலில் செய்த கப் ஹோல்டர் ஒரு தோட்டத் துரையின் பழைய ஜீப்புக்கு. அப்போது எனக்கு மீசை சரியாக அரும்பவில்லை. தோட்டத்து கராஜில் வேலை. துரை காலையில் பிளாஸ்க்கோடு மலையைச் சுற்றுவார். கோப்பையை வைக்க ஒரு வளையம் வேண்டும் என்றார்.

கம்பியை வளைத்து இரண்டு வளையம் செய்து பூட்டினேன். துரை பக்கம் ஒன்று, டிரைவர் பக்கம் ஒன்று. ஒரு வண்டியில் இரண்டு பேர் போகிறார்கள், இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது என்பதுதான் என் கணக்கு.

துரை வந்து பார்த்தார். "எதுக்கு ரெண்டு?" என்று கேட்டார். நான் டிரைவர் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. "அதைக் கழட்டிரு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்த வளையத்தைக் கழற்றினேன். ஸ்க்ரூ இருந்த இரண்டு ஓட்டையும் அப்படியே இருந்தன.

அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சொந்தமாகக் கடை போட்ட நாளிலிருந்து ஒரு பிடிவாதம் வைத்திருந்தேன். எந்த வண்டி வந்தாலும் டிரைவர் பக்கம் பூட்டாமல் விடமாட்டேன். கேட்டாலும் பூட்டுவேன், கேட்காவிட்டாலும் பூட்டுவேன். நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது இனித் தெரியும்.

தொடையில் சிந்தியது

பெருமாளண்ணன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், குடியிருந்தார். அவருடைய மனைவி லெட்சுமி அண்ணி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். ஒரே மகளைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டெல்லாம் என்னிடம் தைத்து, முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஓட்டினார். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. குடிப்பழக்கம் அறவே கிடையாது. தேத்தண்ணீர் மட்டும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வேண்டும்.

ஒருநாள் காலையில் காலை அகட்டி அகட்டி நடந்துகொண்டு கடைக்குள் வந்தார்.

"என்னாண்ணே, குதிரை கிதிரை ஓட்டுனீங்களா?" என்றேன்.

"சிரிக்காதீங்க பாஸ். தொடையில கப்ப வச்சிக்கிட்டு வளைவுல திருப்புனேன். வெந்து போச்சி."

அவர் வந்த காரியம் வேறு. வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்கும் ஒருவர் அவரிடம் சொல்லிவிட்டாராம், பின் சீட்டில் கப் வைக்க இடமில்லாத வேனை இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று.

"பின்னாடி ரெண்டு பூட்டிருங்க, போதும்" என்றார்.

"ஒங்களுக்கு?"

"எனக்கெதுக்கு பாஸ்? ஓட்டுறவனுக்கு எதுக்கு அதெல்லாம்?"

எனக்குச் சுருக்கென்றது. துரையின் ஜீப்பில் இருந்த இரண்டு ஓட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. "மொதல்ல ஒங்களுக்குத்தான். அப்புறந்தான் வெள்ளக்காரனுக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு, மருந்து வாங்க எதிர்க்கடைக்குப் போனார்.

அறுத்தேன்

அது விடாமழைக் காலம். கடையில் இருந்த பலகை எல்லாம் ஊறிக் கிடந்தது. டேஷ்போர்டின் சரிவுக்கு வைக்க முக்கோணத் துண்டு தேடினேன். ஈரப் பலகையை வைத்தால் காய்ந்ததும் சுருங்கி ஆடும். தேடிக்கொண்டே வேனுக்குள் குனிந்தபோது, டிரைவர் சீட்டுக்கு அடியில் அது கிடந்தது.

பெருமாளண்ணனின் கட்டை. பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூரில் செதுக்கியது. இரும்பு மாதிரி கனம். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, டயருக்கு அடியில் செருகுவதற்கென்றே செய்தது. வழுக்காமல் இருக்க அடியில் டயர் ரப்பர் அடித்திருந்தது. ஸ்டாண்டில் வேறு யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் 'பெ' என்று எழுத்தைச் சுட்டு வைத்திருந்தார்.

மலையில் பழைய வேன் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கட்டை எவ்வளவு முக்கியம் என்று கீழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. அந்த வேனில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். ஸ்டார்ட்டரும் நோயாளி, எஞ்சினை நிறுத்தினால் மறுபடி தள்ளித்தான் எடுக்க வேண்டும். அதனால் ஆளை இறக்க நிறுத்தும்போது எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிக் கட்டையை எடுப்பார். முதலில் கட்டை, பிறகுதான் கதவு. பக்கக் கதவும் வெளியிலிருந்துதான் திறக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கட்டையை எடுத்து டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தேன். சரிவு கச்சிதமாகப் பொருந்தியது. மலைச்சரிவில் டயரை நிறுத்துகிற அதே முக்கோணம், டேஷ்போர்டில் கப்பை நிமிர்த்தியது. வேலைக்காரனுக்கு அளவு பொருந்திவிட்டால் வேறு எதுவும் கண்ணில் படாது. மரம் அறுக்கிற வாளை எடுத்து அறுத்துவிட்டேன்.

ரப்பரைப் பிடுங்கி எறிந்தேன். 'பெ' எழுத்து இருந்த பாகத்தை ஹோல்டருக்கு அடியில் வைத்து ரெக்சின் சுற்றி முடுக்கினேன். மீதித் துண்டை அடுப்பில் செருகினேன். காய்ந்த தேயிலைத் தூர், நன்றாகப் பிடித்து எரிந்தது. அந்த நெருப்பில்தான் அன்றைக்குத் தேத்தண்ணீர் போட்டேன்.

பெருமாளண்ணன் திரும்பி வந்து, புது ஹோல்டரில் கப்பை வைத்துப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி பாவனை செய்தார். முகம் பூரித்துவிட்டது. பிறகு பழக்கத்தில் சீட்டுக்கு அடியில் கையை விட்டார்.

"பாஸ், எங்க என் கட்ட?"

நான் ஹோல்டரைக் காட்டினேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்னா பாஸ் இப்புடி பண்ணிட்டீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கலாந்தான?"

"ஒரு கட்டைக்கா இவ்வளவு? நாளைக்கே புதுசா ஒண்ணு செஞ்சி தர்றேன். அதவிட நல்லதா."

அவர் ஹோல்டரை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். பிறகு நான் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். எந்த நெருப்பில் போட்டது என்று அவருக்குத் தெரியாது.

நாளைக்கு

கைவேலைக்காரர்களுக்கென்று ஒரு சொல் உண்டு. நாளைக்கு. தச்சனும் தையற்காரனும் நானும் அந்தச் சொல்லில்தான் சோறு தின்கிறோம். அது பொய் என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை. சொல்லும்போது மெய்யாகவே நாளைக்குச் செய்யத்தான் நினைக்கிறோம்.

மறக்காமல் இருக்க, கடைச் சுவரில் சோக்குக் கட்டியால் 'பெருமாள் – கட்டை' என்று எழுதி வைத்தேன். இரண்டாம் நாள் வேன் வாசலில் நின்றது. "பாஸ், கட்ட?" என்றார். கையில் ஒரு பஸ்ஸின் பத்து சீட் இருந்தது. "நாளைக்கு வாங்கண்ணே" என்றேன். அதற்கும் மறுநாள் வந்தார். இறங்கவில்லை, ஹார்ன் மட்டும் அடித்தார். நான் உள்ளே இருந்தே கையைக் காட்டி, "நாளைக்கு, நாளைக்கு" என்றேன். அவர் கப்பை உயர்த்திக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு வரவில்லை. ஐந்தாம் நாள்தான் டயகம.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்த் திரும்பிய ஒரு அம்மாவை வீட்டில் விடப் போயிருக்கிறார். வேனில் அந்த அம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை. தோள் எலும்பு உடைந்து வார்டில் கிடந்த அந்த அம்மாவை நான் போய்ப் பார்த்தேன்.

"நீங்கதான் அந்தக் கப்பு வைக்கிறத பூட்டுன பாஸா?" என்று கேட்டார். "வழி நெடுக அதப்பத்தித்தான் பேசிக்கிட்டு வந்தாருங்க. 'பாருங்கம்மா, இவ்வளவு வளைவு திருப்புறேன், ஒரு சொட்டு சிந்தல பாருங்க'ன்னாரு."

ஏற்றத்தில் அந்த அம்மாவின் லயத்துக்குப் போகிற பாதையோரம் நிறுத்தியிருக்கிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இறங்கியதும் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியிருக்கிறார். பிறகு சட்டென்று ஞாபகம் வந்தவராக, "அட" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரத்தில் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின் டயருக்கு ஓடியிருக்கிறார். ஹேண்ட் பிரேக் அதற்குள் விட்டுவிட்டது. ஈரத்தில் கல் நிற்கவில்லை. அந்த அம்மா வண்டிக்குள்ளே இருப்பதால் அவர் விலகவும் இல்லை.

கட்டை இல்லை என்பது அவர் மண்டைக்குத் தெரியும். முப்பது வருஷப் பழக்கத்தில் இருந்த கைக்குத் தெரியவில்லை. கை தேடிய அந்த நேரத்தில்தான் எல்லாம் போயிற்று.

போத்தல்

செத்தவீட்டுக்குப் போனபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். லயத்துக் கானோரம் ஸ்டாண்ட் டிரைவர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கட்டகூட இல்லாமயா இந்த மலையில வண்டி ஓட்டுனாரு?" என்றான் ஒருவன்.

"சீட்டுக்கு அடியில என்னமோ தேடுனாருன்னு அந்தம்மா சொல்லுதாம்" என்றான் இன்னொருவன். பிறகு குரலைத் தாழ்த்தி, "போத்தலாத்தான் இருக்கும். யாருக்குத் தெரியும்?" என்றான்.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதனுக்கு, பிரேதம் எடுப்பதற்கு முன்பே போத்தல் பட்டம் கட்டிவிட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். கேட்டுக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். பயந்தேன். பொலிஸில் ஏற்கனவே தெரியாது என்று சொல்லியாயிற்று. ஸ்டாண்டில் தெரிந்தால் ஒரு வண்டி என் கடைக்கு வராது. இதைவிடக் கேவலமான காரணமும் ஒன்று உண்டு. என்னை எல்லோரும் நல்ல பாஸ் என்று சொல்வார்கள். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய நல்ல பேரைப் போகவிட்டேன்.

சனிக்கிழமைகள்

பொலிஸ் விட்ட பிறகு வேனை இழுத்துவந்து என் கடை வளவில்தான் போட்டார்கள். வேறு இடம் இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை லெட்சுமி அண்ணி வந்தார். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் வேனின் பக்கத் தகட்டைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, கட்ட எங்கயாச்சும் கெடச்சிச்சா?"

"இல்ல அண்ணி. பாக்குறேன்."

தேத்தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போனதும் கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதே கேள்வி. "அவரு கட்ட இல்லாம வண்டிய எடுக்கமாட்டாரு தம்பி. ஒங்களுக்கே தெரியும்."

"தெரியும் அண்ணி."

"அப்ப எங்க போச்சி?"

"கானுல தண்ணி அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும்."

இப்படியும் ஒரு பொய் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவும் இல்லை. இப்படிப் பதினோரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. நாம் அறுத்த ஒன்றை, அது எங்கே என்று நம்மிடமே கேட்டு வருகிற மனுஷியை எதிர்கொள்வது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். இரண்டு தடவை கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். சுவரில் சோக்கால் எழுதியதை அழிக்கவும் கை வரவில்லை. அதன்மேல் ஒரு கலண்டரை மாட்டி வைத்தேன்.

'பெ'

பன்னிரண்டாம் சனிக்கிழமை விடியவே கடைக்குப் போனேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினேன். ஹோல்டர் கழல மாட்டேன் என்றது. நான் முடுக்கியது அப்படி. கழற்றி ரெக்சினைக் கிழித்தேன். சுட்ட எழுத்து அப்படியே இருந்தது. 'பெ'.

அண்ணி வந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நான் அதைக் கையில் கொடுத்தேன்.

"அண்ணி, இதான் கட்ட. நாந்தான் அறுத்தேன். கப் ஹோல்டருக்கு அடியில வச்சிப் பூட்டினேன். புதுசு தர்றேன்னு சொல்லிட்டுத் தரல. பொலிஸ்ல தெரியாதுன்னேன். ஒங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

அவர் எழுத்தை விரலால் தடவினார். அழுவார், திட்டுவார், என் முகத்தில் அதை வீசுவார் என்று காத்திருந்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் தம்பி" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அறுத்தன்னிக்கே வீட்டுல வந்து சொன்னாரு. 'என் கட்டைய பாஸ் வெட்டிப்புட்டாரு. கேட்டா நாளைக்கிங்கிறாரு'ன்னாரு. ரெண்டு தடவ ஒங்ககிட்ட வந்தாருல்ல? மூணாந்தடவ கேக்க அவருக்கு ஒரு மாதிரியா இருந்திச்சி. நாந்தான் சொன்னேன், விடுங்க, பாஸ் நல்ல மனுசன், மறக்கமாட்டாருன்னு."

"தெரிஞ்சிக்கிட்டா அண்ணி இத்தன வாரமும் கேட்டீங்க?"

"நான் சொன்னா யாரு நம்புவா? பொஞ்சாதி புருசனுக்குப் பரிஞ்சி பேசுறான்னுதான் சொல்லுவாங்க. கட்ட ஒங்ககிட்டதான இருக்கு. நீங்கதான் சொல்லணும். எப்ப சொல்லுவீங்கன்னுதான் வந்து வந்து பாத்தேன்."

அண்ணி கட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"போத்தல் தேடுனாருங்கிறாங்க தம்பி. மகள கட்டிக் குடுத்த எடத்துலயும் கேக்குறாங்க, அப்பா குடிச்சிட்டா ஓட்டுனாருன்னு. நீங்க பேப்பர்ல பல்லு செட்டு கதையெல்லாம் எழுதுறீங்களாமே. இதையும் எழுதுங்க."

"நாளைக்கே எழுதிறேன் அண்ணி" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அண்ணி என்னையே பார்த்தார். பிறகு பெஞ்சில், பெருமாளண்ணன் வழக்கமாக உட்காரும் இடத்தில், கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கடதாசியும் பேனாவும் எடுத்து எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். "அவரு பேர சரியா போட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். போட்ட இடத்தைக் காட்டினேன். கட்டையைச் சேலை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் கொடுத்த தேத்தண்ணீர் அன்றைக்கும் பெஞ்சில்தான் ஆறிக் கிடந்தது.

திங்கட்கிழமை பொலிஸுக்கும் போய், நான் முன்பு சொன்னதைத் திருத்திச் சொன்னேன். அதற்கு வருவது எதுவானாலும் வரட்டும்.

அந்தக் கடதாசியில் எழுதியது இவ்வளவுதான். ஸ்டாண்டில் இருப்பவர்களும், பெருமாளண்ணன் மகளின் வீட்டாரும் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறேன்.

'டிரைவர் பெருமாள் குடிப்பவர் அல்ல. அன்றைக்கு அவர் சீட்டுக்கு அடியில் தேடியது போத்தல் அல்ல, கட்டை. அது அங்கே இல்லை. அவருக்கு ஒரு கப் வைக்க இடம் செய்கிறேன் என்று நான் அதை அறுத்துவிட்டேன். இரண்டு தடவை வந்து கேட்டார். நாளைக்கு என்றேன்.'